பையைத் திறக்கும் முன் பத்து நிமிடம்

எழும்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் அடிபட்டுக் குழந்தைகள் எங்களிடம் வருவது பெரும்பாலும் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள். தென்மாவட்ட ரயில்கள் வந்து சேர்ந்து, அறை எடுத்து, அம்மா பால் கலக்க ஆரம்பிக்கும் நேரம் அது. குழந்தைகள் நல மருத்துவராக இந்தப் பக்கத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள், விசாவுக்கு வந்தவர்கள், பெரிய பிள்ளையை மருத்துவமனையில் காட்ட வந்து சின்னதையும் கூட்டி வந்தவர்கள் என்று எல்லாவிதமான குடும்பங்களையும் பார்த்துவிட்டேன். அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை. "இப்பத்தான் டாக்டர் ரூமுக்குள்ளயே வந்தோம்."

அப்படி வந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். வயது 14 மாதம். மோவாய், கழுத்து, நெஞ்சு, இடது முழங்கை வரை வெந்நீர் பட்டிருந்தது. அதன்மேல் வெள்ளையாகப் பற்பசை அப்பியிருந்தது. குளியலறையில் சோப்புடன் வைத்திருந்த சின்ன ட்யூபைப் பிதுக்கிப் பாட்டி தடவியிருக்கிறார். எரிச்சல் அடங்கட்டும் என்ற தவிப்பில் செய்தது. ஆனால் காய்ந்துபோன அந்தப் பற்பசையை ஈரப் பஞ்சால் துடைத்து எடுக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வந்தது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. "ஒரு நிமிஷம் திரும்பினேன் டாக்டர், பால் பவுடர் டப்பாவை எடுக்கத்தான் திரும்பினேன்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னது உண்மைதான். அவர் கவனக்குறைவான அம்மா இல்லை. வீட்டில் அவர் தண்ணீர் காய்ச்சுவது சமையல் மேடையில், தன் இடுப்புக்கு மேலே. இந்த அறையில் ப்ளக் பாயின்ட் இருந்தது கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலுக்கு நேராக. ஸ்டூலின் உயரம் குழந்தையின் மூக்கு அளவு. கெட்டிலின் ஒயர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகும் வயது. பிடித்தது அந்த ஒயரை.

வீடு என்பது ஒரே நாளில் பத்திரமானதாக ஆகிவிடுவதில்லை. குழந்தை தவழ ஆரம்பித்ததும் கத்தியை மேலே வைக்கிறோம், நடக்க ஆரம்பித்ததும் பினாயில் பாட்டிலை இடம் மாற்றுகிறோம். நம்மை அறியாமலே மாதக்கணக்கில் செய்யும் வேலை அது. ஹோட்டல் அறையைப் பெரியவர்களுக்காக அமைத்திருக்கிறார்கள். அதற்குள் நாம் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நுழைகிறோம். ரயிலில் மடியிலேயே அடைந்து கிடந்த குழந்தையோ அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடுகிறது. ஆகவே நான் எல்லாப் பெற்றோரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அறைக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள். ஒருவர் குழந்தையை இடுப்பிலேயே வைத்திருக்கட்டும். இன்னொருவர் தரையில் முட்டி போட்டு, குழந்தையின் கண் உயரத்தில் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். பத்து நிமிடம் போதும். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் யார் கையில் குழந்தை என்பதைப் பெயர் சொல்லியே பேசிக்கொள்ளுங்கள். நாலு பெரியவர்கள் இருக்கும் அறையில்தான் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வதாக நினைத்துவிடுகிறார்கள்.

கெட்டிலை முதலில் அலமாரியின் மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். வெந்நீர் வேண்டுமென்றால் ரிசப்ஷனில் சொன்னால் ஃபிளாஸ்கில் நிரப்பித் தருவார்கள். அப்புறம் கீசர். குழாயைத் திறந்து உங்கள் முழங்கையில் விட்டுப் பாருங்கள். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே குழந்தையின் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். 49 டிகிரியில் அதே அளவு காயத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். பல கீசர்கள் 60க்கு மேல்தான் வைக்கப்பட்டிருக்கும், புது இடத்தில் எந்தக் குழாயில் எது வருமென்றும் தெரியாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், கலக்கிப் பார்த்துவிட்டுப் பிள்ளையை உள்ளே அழையுங்கள்.

சுட்டுவிட்டால் பற்பசை, இங்க், காப்பிப் பொடி, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். துணியைக் கழற்றிவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் காயத்தின்மேல் 20 நிமிடம் ஓடவிடுங்கள். கைக்கடிகாரம் பார்த்து 20 நிமிடம். குழந்தை அழும், நமக்கு உடனே மருத்துவமனைக்கு ஓடத் தோன்றும். ஆனாலும் அந்த 20 நிமிடத் தண்ணீர் காயத்தின் ஆழத்தைக் குறைக்கும். அதை நாங்கள் பிறகு எந்தக் களிம்பாலும் ஈடுகட்ட முடியாது. உடம்பில் பெரிய பகுதி வெந்திருந்தால் மற்ற இடங்களைப் போர்த்தி வையுங்கள், சின்னக் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் மூடி அழைத்து வாருங்கள்.

குளியலறையில் வாளியைப் பார்த்துவிடுங்கள். மறுநாள் காலைக்கென்று ராத்திரியே பிடித்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஒரு வயதுக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பாரம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக மேலே வர முடியாது. 5 செ.மீ. தண்ணீர்கூட மூச்சை நிறுத்தப் போதும், சத்தமும் வராது. காலி செய்து கவிழ்த்து வையுங்கள். கதவின் உள்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், மேல் விளிம்பில் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டால் கதவு முழுசாகச் சாத்தாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இரண்டரை வயதுப் பையன் ஒருவனைச் சோர்வாக இருக்கிறான் என்று அழைத்து வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது, கண்ணில் லேசான மஞ்சள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது என்றார் அப்பா. காய்ச்சல் இல்லை. எதை எதையோ கேட்டுவிட்டு, "வெளியூர் எங்கேயாவது போய்த் தங்கினீங்களா?" என்றேன். மூன்று நாள் முன்பு கோயிலுக்குப் போய் ஒரு விடுதியில் இரண்டு ராத்திரி தங்கியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அம்மாதான் சொன்னார்: "வாஷ்பேசின்ல கலர் கலரா உருண்டை போட்டிருந்தாங்க. கையில வச்சு விளையாடிட்டு இருந்தான், பிடுங்கிப் போட்டேன்." பிடுங்குவதற்கு முன் ஒன்று வாய்க்குள் போயிருக்கிறது.

அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று நாம் சொல்லும் நாப்தலீன் அது. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பரம்பரையாக வரும் குறைபாடு, ஆண் பிள்ளைகளிடம் அதிகம். சாதாரண நாளில் எந்த அறிகுறியும் காட்டாது. உருண்டையை வாயில் போட்ட ஓரிரு நாள் கழித்துத்தான் சிறுநீர் கறுக்கும். அந்தப் பையனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நன்றாகத் தேறிவிட்டான். குறைபாடு இல்லாத குழந்தைக்கும் அது விஷம்தான். பேசினிலும் அலமாரியிலும் இருப்பதை எடுத்துவிடச் சொல்லி ரூம் பாயிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். பச்சிளம் குழந்தை என்றால் அந்த வாசனை ஏறிய கம்பளியைப் போர்த்துவதும் ஆபத்து. போர்த்த வீட்டுத் துணி ஒன்றைக் கொண்டுபோய்விடுங்கள்.

சுவரடி ப்ளக்கில் செருகியிருக்கும் கொசு விரட்டித் திரவத்தையும் அதே நடையில் கழற்றி மேலே வைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் செய்தது அது. குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு நுரையீரலுக்குள் இறங்கினால்தான் பெரிய கேடு. பாட்டிலோடு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள்.

தூளி விஷயம் எனக்குத் தனிக் கவலை. வீட்டில் சேலைத் தொட்டிலில் தூங்கிப் பழகிய குழந்தை ஹோட்டல் மெத்தையில் தூங்காது. நள்ளிரவு ஒரு மணிக்குப் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்போது அப்பா அறையைச் சுற்றிப் பார்க்கிறார்: திரைச்சீலைக் கம்பி, அலமாரிக் கைப்பிடி, ஜன்னல் கிராதி. திரைச்சீலைக் கம்பி இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்பது. பஞ்சுத் துணியைத் தாங்குமே தவிர 8 கிலோ குழந்தையைத் தாங்காது. கம்பியோடு கீழே வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். மடக்கும் ஸ்டாண்ட் தொட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள், அல்லது அறை பதியும்போதே தொட்டில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டு எல்லோரும் அதில் படுங்கள். கட்டிலில் இரண்டு பக்கமும் தலையணை அண்டை கொடுப்பது குழந்தையைத் தடுக்காது. தலையணை மேலேறித் தாண்டத் தெரியாத வயதில், அதே தலையணை முகத்தை அமுக்கும்.

கட்டிலிலிருந்து விழுந்த குழந்தை உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் பால் குடித்து, பழையபடி விளையாடினால் பெரும்பாலும் பயமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீரோ ரத்தமோ வடிதல், தலையின் பக்கவாட்டில் மெத்தென்ற வீக்கம் இருந்தால் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறிவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தை விழுந்தால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

ஜன்னல் ஓரமாகக் கட்டில் இருந்தால் அது ஏணி. நகர்த்தித் தரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் வேறு அறை கேளுங்கள். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தக் கதவைத் திறக்கவே வேண்டாம். தாழ்வான கூரை உள்ள பழைய அறைகளில் மின்விசிறி சுழலும்போது குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு விளையாடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சூடாக வந்த இட்லி, இடியாப்பம், பருப்புச் சாதம் போதும். வெட்டி வைத்த பழமும் சட்னியும் குழந்தைக்கு வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓஆர்எஸ் இரண்டு பாக்கெட் பையில் இருக்கட்டும். 1 லிட்டருக்கான பாக்கெட்டை முழுசாக 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் போட்டால் உப்பின் அளவு தப்பிவிடும். ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு டெட்ரா பேக்கில் வந்துகொண்டிருந்த இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அப்படிப் பெயர் போடுவதையே தடுத்து உத்தரவிட்டது.

கடைசியாகத் தீ. 2025 ஏப்ரல் 29 அன்று இரவு கொல்கத்தாவில் கடைத்தெரு நடுவே இருந்த ஒரு ஹோட்டலில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் கரூர் மாவட்டத்திலிருந்து சுற்றுலா போன குடும்பத்தின் குழந்தைகள் இருவரும் உண்டு. அந்தச் செய்தியைப் படித்த பிறகு நான் எந்த ஊரில் தங்கினாலும், அறைக்குள் போகும் முன் படிக்கட்டு வரை நடந்து, நடுவில் எத்தனை கதவு என்று எண்ணிவிட்டுத்தான் வருகிறேன். புகை மூடினால் கண் தெரியாது, சுவரைத் தடவித்தான் போக வேண்டும். அப்போது அந்த எண்ணிக்கைதான் வழி. படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தாலோ மூட்டை அடுக்கியிருந்தாலோ அந்த விடுதி வேண்டாம், பணம் போனாலும் பரவாயில்லை. குழந்தையோடு போகிறவர்கள் முதல் மாடியோ இரண்டாம் மாடியோ கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிடம்தானே என்று பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. கெட்டில் ஒயரை இழுத்த அந்தக் குழந்தையின் அப்பா முதலில் 108க்குத்தான் அழைத்திருக்கிறார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டபோது அவருக்குத் தெருவின் பெயர் தெரியவில்லை. ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட இடம், அவ்வளவுதான். செருப்புகூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். சாவி வாங்கும்போதே ரிசப்ஷனில் இருக்கும் விசிட்டிங் கார்டைப் போட்டோ எடுத்து, கூட வந்த எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள். அறை எண்ணையும் சேர்த்து.