ஆடு கொடுத்த மறுநாளிலிருந்து

நிலமில்லாத, கூலி வேலையை மட்டும் நம்பியிருக்கிற ஒரு பெண்ணின் கையில், வறுமையிலிருந்து மீட்கும் திட்டம் ஒன்றில், 4 வெள்ளாடுகளைக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சினை பிடித்தால் குட்டி ஈன 5 மாதம். அந்தக் குட்டி விற்கிற எடைக்கு வர இன்னும் 6 முதல் 8 மாதம். ஏறத்தாழ ஓராண்டுக்கு அந்த ஆடுகளால் அவர் வீட்டுக்கு ஒரு ரூபாய் கூட வராது. ஆனால் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போக வேண்டும். போகிற நாளெல்லாம் கூலி போகும். முதல் ஆண்டில் ஆடு அவருடைய வருமானத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. நடுவில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து படுத்தால் ஒரு ஆடு சந்தைக்குப் போகும். அடுத்த கஷ்டத்துக்கு இன்னொன்று. “இவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் வித்துச் சாப்பிட்டுடுவாங்க” என்று சொல்வது மிகத் தவறான தீர்ப்பு. இல்லாத வீட்டில் எவரும் செய்கிற சரியான முடிவுதான் அது. பிழை திட்டத்தில் இருக்கிறது.

இதை முதலில் முறையாகக் கணக்கில் எடுத்தது வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம். சிறுகடன் கொடுப்பதில் உலகுக்கே முன்னோடியான அமைப்பு அது. ஆனால் கடைக்கோடி ஏழைகள் கடன் குழுவுக்குள் வரவே இல்லை என்பதை அவர்களே கண்டார்கள். வாரத் தவணை கட்ட முடியாதவரைக் குழு சேர்த்துக்கொள்ளாது. அவரும் பயந்து விலகி நிற்பார். அதனால் 2002இல் கடனைத் தள்ளிவைத்துவிட்டு வேறொரு முறையைத் தொடங்கினார்கள். தொழிலுக்கான பொருள் இலவசம், அது பலன் தரும்வரை வீட்டுச் செலவுக்கு உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, வாரந்தோறும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு பணியாளர். எல்லாம் சேர்த்து சுமார் 2 ஆண்டு.

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய 6 நாடுகளில் இதே முறையைச் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. 6 நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பிறகும் உணவு, வருமானம், சொத்து எல்லாவற்றிலும் முன்னேற்றம் நிலைத்திருந்தது. கானாவில் இன்னொன்றையும் பார்த்தார்கள்: சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும், சிலருக்குச் சேமிப்பு வசதி மட்டும், சிலருக்கு முழுத் தொகுப்பு. ஆடு மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. சேமிப்பு மட்டும் பெற்றவர்களுக்குக் கொஞ்ச நாளைக்குத்தான் பலன் இருந்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 4 ஆடுகள் வந்ததை அறிந்தவர்கள், தங்கள் ஊரில் அந்த ஆடுகள் தங்கிய வீடுகள் எவை, தங்காத வீடுகள் எவை என்று எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் முதல் கோளாறு நடக்கிறது. ஊர்க்கூட்டம் போட்டு, கோலப்பொடியாலோ விதைகளாலோ தரையில் சமூக வரைபடம் வரையச் சொல்வது நல்ல வழி. ஒரு வரைபடத்தில் நூறு, நூற்றைம்பது வீடுகளுக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் ஒருவரை ஒருவர் தெரியாது. கூட்டத்தைக் காலை பத்து மணிக்குத் தலைவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால், கூலிக்குப் போனவர் எவரும் இருக்கமாட்டார். மாலையில், பொது இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை எழுதி, மூன்று தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்து வசதி வாரியாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று அடுக்கும் ஒத்துப்போகாத அட்டைகள்தான் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவை. வரைபடத்திலேயே ஏறாமல் போகிறவர்கள் உண்டு. வாய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டவர், மகன் வீட்டுச் சாய்ப்பில் தனியாக உலை வைக்கும் விதவைத் தாய், குடும்ப அட்டை இல்லாதவர். “தனி அடுப்பு எத்தனை?” என்று கேட்டால் இவர்கள் வெளியே தெரிவார்கள், “எத்தனை வீடு?” என்று கேட்டால் தெரியமாட்டார்கள்.

அடுத்தது அளவு. பட்டியல் நீண்டதும், இருக்கிற பணத்தை எல்லாருக்கும் பங்கு வைத்து ஆளுக்கு 2 ஆடு என்று குறைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். வங்காளதேசத்தில் சுமார் 6,000 ஏழைக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வந்தது. ஒரு குறிப்பிட்ட சொத்து அளவைத் தாண்டியவர்கள் தாமாகவே மேலே ஏறினார்கள். அதற்குக் கீழே நின்றவர்கள் பழைய நிலைக்கே சரிந்தார்கள். பாதிக் கிணறு தாண்டுவதில் பலன் பாதி அல்ல, எதுவுமே இல்லை.

ஆடு வாங்குவதை மொத்த ஒப்பந்தத்தில் விடுவது பெரிய ஆபத்து. எங்கிருந்தோ லாரியில் வரும் ஆடு நோயையும் கூட்டிக்கொண்டு வரும். பக்கத்துச் சந்தையில், பயனாளியே பல் பார்த்து, மடி பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். கூடக் கால்நடை மருத்துவரோ ஆய்வாளரோ இருக்கட்டும். வந்த ஆட்டை ஊர் மந்தையோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி (குட்டிக்கு 3 மாதம் நிரம்பிய பின்), மழைக்கு முன் துள்ளுமாரி ஊசி, குடற்புழு நீக்கம் ஆகிய மூன்றும் தேதி போட்ட அட்டையில் இருக்க வேண்டும். வளர்ந்த ஆட்டுக்கு 10 சதுர அடி இடம், மழையில் நனையாத மேடான தரை. அந்த 6 நாட்டு ஆய்வில் ஹோண்டுராஸில் மட்டும் சொத்து நிலைக்கவில்லை. கொடுத்த கோழிகள் பெரும்பாலும் நோயில் செத்துப்போயின.

காப்பீடு எடுத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். ஆடு இறந்ததும் பயந்து புதைத்துவிட்டால் தொகை கிடைக்காது. காதுவில்லை (ஆட்டின் காதில் மாட்டிய அடையாள வில்லை), பிரேதப் பரிசோதனைச் சான்று, புகைப்படம் மூன்றும் வேண்டும். யாருக்கு எந்த எண்ணில் உடனே சொல்ல வேண்டும் என்பதைக் கொட்டகைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

உதவித்தொகையை எல்லாருக்கும் ஒரே கால அளவில் கொடுப்பதில் பொருளில்லை. இட்லிக் கடை வைப்பவருக்கு இரண்டு, மூன்று மாதம் போதும். ஆட்டுக்கு ஓராண்டு தேவை. முடிந்தால் ஆட்டோடு சில நாட்டுக்கோழிகளையும் சேருங்கள். முட்டைக் காசு வாரச் செலவுக்கு, ஆடு மொத்தச் செலவுக்கு. தொடங்கும் முன் பழைய கடன்களைப் பெயர் சொல்லாமலாவது எழுதி வாங்குவது அவசியம். தண்டல்காரருக்குச் செய்தி எட்டிய அன்றே ஆடு அவர் கணக்கில் ஏறிவிடும். சேமிப்பு வாரம் 20 ரூபாயாக இருந்தாலும் சரி, காய்ச்சல் வந்த நாளில் ஆட்டுக்கு முன்னால் கரைய வேறொன்று இருக்க வேண்டும். இன்னொரு கேள்வியையும் முதல் நாளே கேளுங்கள்: ஆட்டை மேய்க்கப்போவது யார்? பதிலாகப் பள்ளி செல்லும் பிள்ளையின் பெயர் வந்தால், அந்த வீட்டுக்கு ஆடு வேண்டாம், வேறு தொழில் பாருங்கள்.

செலவைக் குறைக்கச் சொன்னதும் முதலில் வெட்டப்படுவது வாராந்திரச் சந்திப்புதான். அது சம்பளக் கணக்கில் வருவதால் வீண்செலவு போலத் தெரிகிறது. சுணங்கிய ஆட்டை முதல் வாரத்திலேயே கண்டுபிடிப்பதும், கணவர் விற்கப் பார்க்கும்போது பெண்ணின் பக்கம் நிற்பதும், விதவை ஓய்வூதிய விண்ணப்பத்தைத் தாலுகா அலுவலகம்வரை கொண்டுபோவதும் அந்தச் சந்திப்பில்தான் நடக்கின்றன. ஒருவருக்கு 50 குடும்பத்துக்கு மேல் கொடுத்தால் அவர் தொலைபேசியிலேயே “பார்த்துவிட்டேன்” என்று எழுத ஆரம்பிப்பார். சிக்கனம் செய்ய வேறு வழி உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் அரசின் பணஉதவித் திட்டத்தோடு இணைத்து, குழுவாகப் பயிற்சியும் மனவலிமைக்கான வகுப்பும் கொடுத்துப் பார்த்ததில் குறைந்த செலவில் நல்ல பலன் கிடைத்ததை 2022இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. வீட்டுச் சந்திப்பை இரண்டாம் ஆண்டில் பாதியாகக் குறைத்து, மீதியைக் குழுக் கூட்டமாக மாற்றலாம். முதல் ஆறு மாதம் மட்டும் கை வைக்க வேண்டாம்.

முடிவை அளப்பதற்கு ஆட்டுத் தலையை எண்ணினால் போதாது. இரண்டு வேளை சாப்பாடு ஆண்டு முழுக்கக் கிடைக்கிறதா, வருமானம் இரண்டு வழியிலாவது வருகிறதா, பிள்ளை பள்ளியில் இருக்கிறதா, கந்துவட்டி நின்றதா என்று பாருங்கள். மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற சிறுகடன் அமைப்பு இதே முறையில் நடத்திய திட்டத்தின் குடும்பங்களைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் கலையவில்லை. பலர் ஆட்டோடு நின்றுவிடவில்லை. சிறு வியாபாரத்துக்கும் வெளியூரில் கூடுதல் கூலி தரும் வேலைக்கும் நகர்ந்திருந்தார்கள். எனவே மூன்றாம் ஆண்டில் போய்ப் பார்க்கும்போது கொட்டகை காலியாக இருந்தால் உடனே தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். ஆடு விற்ற பணம் எங்கே போனது என்று உட்கார்ந்து கேளுங்கள்: ஆஸ்பத்திரிக்கா, தண்டலுக்கா, தையல் இயந்திரத்துக்கா?