தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறியாதீர்கள்

"கொழும்பு வெயிலுக்கு இது தேவையில்லை, குளிர் நாட்டுக்குப் போட்ட சாமான்" என்று சொல்லித் தேர்மோஸ்டட்டைக் கழற்றிவிட்ட கார்கள் எங்கள் கராஜுக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை, ரேடியேற்றருக்குப் போகவிடாமல் அடைத்து, சூடானதும் திறந்துவிடும் சின்ன வால்வுதான் தேர்மோஸ்டட். கழற்றிய மெக்கானிக் பாஸைக் குறை சொல்லவும் முடியாது. காலி வீதி நெரிசலில் வெப்பநிலை ஊசி சிவப்புக்கு ஏறினால் யாருக்கும் பதற்றம்தான். உடனே ஏதாவது செய்து காட்ட வேண்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 பாகை செல்சியசைத் தாண்டும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். பிறகு பிஸ்டன் எப்படித் தப்புகிறது? அந்த உச்சச் சூடு சில மில்லி செக்கன்கள்தான் நிற்கும். அப்புறம் புதுக் காற்று உள்ளே வந்துவிடும். சுவரை ஒட்டிய மெல்லிய வாயுப் படலமும் சூட்டைத் தடுக்கும். அதையும் மீறிப் பிஸ்டனில் ஏறியதில் பெரும்பகுதி பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து கூலண்டுக்கும் இறங்கும். வெளியே 20 பாகையா 32 பாகையா என்பது ரேடியேற்றரின் கவலை.

சுவர் அளவோடு சூடாகவும் இருக்க வேண்டும். குளிர்ந்தே கிடந்தால் பெற்றோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டி, ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ரிங் தேயும். ஒயில் மூடியின் உட்பக்கம் மோர் நிறப் பிசுபிசுப்பு தெரியும். (எஞ்சின் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போனாலும் இப்படித்தான் இருக்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.)

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல எஞ்சின்களில் தேர்மோஸ்டட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் சுற்றும். நெரிசலில் சூடு இன்னும் ஏறும்!

ஊசி ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: சுற்றாத ஃபேன், அடைத்த ரேடியேற்றர், இறுக்கம் போன மூடி, பைப் தண்ணீரே ஊற்றி வந்ததால் நீர்வழியில் பிடித்த துரு.

தேர்மோஸ்டட்டில் சந்தேகம் என்றால் சோதிப்பது சுலபம். அதில் 82, 88 என்று ஏதாவது பொறித்திருக்கும். நூலில் கட்டி, பழைய சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், பக்கத்தில் வெப்பமானியும் இருக்கட்டும். அந்த இலக்கத்தை நெருங்கும்போது வாய் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் குப்பைக்குத்தான். பஞ்சிகாவத்தையில் பழசு மலிவாகக் கிடைக்கும், ஆனால் இதை மட்டும் புதிதாக, ரப்பர் சீலோடு வாங்குங்கள். பூட்டும்போது அதிலுள்ள சின்னக் காற்றுத் துளை மேல்பக்கம் இருக்கட்டும். கீழே போனால் காற்று உள்ளே சிக்கி, புதுச் சாமானும் பழுது போலவே தோன்றும்.