பல்வலி மாத்திரைச் சீட்டுக்கு விலை ஒரு நாள் கூலி

பல்வலி பகலில் அடங்கிக் கிடந்து ராத்திரியில்தான் ஆளைப் பிடிக்கும். காரணம் எளியது. படுத்ததும் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுகிறது. விரலில் அடிபட்டு வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். பல்லுக்குள் அப்படி நடக்க வழியில்லை. வெளி ஓடான எனாமலுக்கும் அதன் அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்குக்கும் உள்ளே, நரம்பும் ரத்தக் குழாயும் அடைந்து கிடக்கும் பற்கூழுக்கு நாலு பக்கமும் கல் போன்ற சுவர். சொத்தை அதுவரை இறங்கிவிட்டால் கூழ் வீங்கும், ஆனால் விரிய இடம் கிடையாது. அதனால்தான் நாடி துடிக்கத் துடிக்க விண் விண்ணென்று தெறிக்கிறது.

விடிந்தால் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றிருப்பவருக்கு அந்த நேரத்தில் மாத்திரைதான் கதி. எந்த மாத்திரை, யார் எழுதித் தர வேண்டும், எத்தனை நாளுக்கு என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பல் மருத்துவர்கள் வழக்கமாக எழுதிவந்த வலி மருந்து ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரை. அபினி வகையைச் சேர்ந்தது, அடிமையாக்கக்கூடியது. 2014 அக்டோபரில் அதை, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளின் மூன்றாம் அட்டவணையிலிருந்து கடுமையான இரண்டாம் அட்டவணைக்கு மாற்றினார்கள். அதுவரை மருத்துவர் தொலைபேசியில் சொன்னாலே மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள், பழைய சீட்டிலேயே மறுபடியும் வாங்கலாம். மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு. சம்பளத்தோடு விடுப்பு உள்ளவருக்கு இது ஒரு அலைச்சல், அவ்வளவுதான். மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு மருத்துவரை இன்னொரு தடவை பார்ப்பது என்றால் கூலியில் துண்டு விழும்.

அதற்காக அந்தக் கட்டுப்பாடு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வீங்கிய கூழில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து நரம்பைக் கூசவைக்கிறது. ஐபுபுரூஃபன் அந்தச் சுரப்பையே குறைக்கும். அபினி வகை மருந்து முக்கியமாக மூளையிலும் தண்டுவடத்திலும் வலி உணர்வை மழுக்குமே தவிர, பல்லில் உள்ள வீக்கத்தைக் குறைக்காது. ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் பெரும்பாலான பல்வலிக்கு அபினி வகைக்குச் சமமாகவோ மேலாகவோ வேலை செய்கின்றன என்பது இன்று நிலைபெற்ற முடிவு. வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் ஐபுபுரூஃபனில் கவனமாக இருக்க வேண்டும்.

என் குறை வேறு. மாத்திரையை மூடிய கையோடு, கைக்கெட்டும் செலவில் சிகிச்சைக்கு யாரும் வழி திறக்கவில்லை. பல்லை அடைக்கவோ, வேர் சிகிச்சை செய்யவோ, பிடுங்கவோ முடியாதவர் கடையில் கிடைப்பதையே கூட்டிக் கூட்டி விழுங்குகிறார். பாராசிட்டமாலுக்கு வயது வந்தவர்களின் உச்ச அளவு ஒரு நாளைக்கு 4 கிராம். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மருந்திலும் அதே பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் கணக்கு தாண்டிவிடும். பல்வலிக்காக விழுங்கிய மாத்திரையால் கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு.

தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மரத்துப்போக வைக்கும் லிடோகைன் ஊசி 1943-ல் ஸ்வீடனில் லோஃப்கிரேன், லுண்ட்க்விஸ்ட் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கியது. மலிவானது, அடிமையாக்காதது. அதன் மூலக்கூறு நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கிருந்து வலிச் செய்தியைக் கடத்த உதவும் சோடியம் வாயில்களை அடைக்கிறது. மின்னூட்டம் இல்லாத வடிவத்தில் இருந்தால்தான் சவ்வைத் தாண்டும். அழற்சி உள்ள திசுவோ அமிலமாகியிருக்கும். அமிலத்தில் பெரும்பாலான மூலக்கூறுகள் மின்னூட்டம் ஏறி வெளியிலேயே நின்றுவிடும். நரம்பும் அதற்குள் கூசிப்போயிருக்கும். முற்றிய பல்லில் ஊசி சரியாக ஏறாமல் போவதற்கு இவையெல்லாம் காரணம். பணமும் நேரமும் இல்லாமல் காத்திருந்தவருக்குத்தான் சிகிச்சையும் அதிகமாக வலிக்கிறது.

சரி, அந்த ஊசியை யார் போடலாம்? பிரிட்டனில் பல் மருத்துவர் அல்லாத பல் சுத்திகரிப்பாளர்களும் பல் சிகிச்சையாளர்களும் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஆனால் பல் மருத்துவரின் எழுத்து உத்தரவோ, அதற்கு ஈடான முன் அனுமதியோ இல்லாமல் அவர்களால் போட முடியாமல் இருந்தது. 2024 ஜூனில் சட்டத்தைத் திருத்தி, ஊசியையும் பல்லில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷையும் அவர்களே தரலாம் என்றார்கள். சின்னத் திருத்தம்தான். ஆனாலும் ஒரு கையெழுத்துக்காக இன்னொரு முறை வர வேண்டிய நிலை இதனால் குறைகிறது.

எனக்கு அதிகம் வலிக்கும் உதாரணம் வெள்ளி டையமின் ஃப்ளூரைடு. 38 சதவீதக் கரைசல். சொத்தையைத் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டைத் தூரிகையில் தொட்டுத் தடவினால் ஓரிரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃப்ளூரைடு பல்லை இறுக்கும். தோண்டவும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும் என்பதுதான் குறை. கடைவாய்ப் பல்லில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜப்பானில் இது 1970 வாக்கிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது 2014-ல். அதுவும் பல் கூச்சத்துக்கான பொருள் என்ற பெயரில்தான், சொத்தைக்கு என்று அல்ல. உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது 2021-ல். ஒரு மருந்துக்கு ஒப்புதல் வாங்கப் பெரும் செலவில் சோதனைகள் வேண்டும். காப்புரிமை தராத, சொட்டுக் கணக்கில் விற்கும் பழைய கரைசலுக்கு அந்தச் செலவைச் செய்ய எந்த நிறுவனமும் எளிதில் முன்வராது.

இந்தக் கரைசல் கூழ் வரை இறங்கிவிட்ட சொத்தையைக் காப்பாற்றாது. ராத்திரி விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்த பல்லில் தடவிப் பயனில்லை. இது உதவும் காலம் வலி தொடங்குவதற்கு முந்தைய சில மாதங்கள், சிலருக்குச் சில வருடங்கள். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் போனது நாற்பது வருடத்துக்கு மேல்.