தோட்டாவின் முழுநீளம்: குண்டின் நீளம் அல்ல

கைத்துப்பாக்கித் தோட்டாவைக் கையால் அடைப்பது பற்றித் தமிழில் பேசும்போது, "குண்டின் நீளம் 29.69 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கான வழக்கமான குண்டு ஏறத்தாழ 15 மி.மீ. நீளம்தான் இருக்கும். 29.69 என்பது குண்டின் அளவே அல்ல. கோதின், அதாவது குண்டு செருகிய பித்தளை ஓட்டின், அடிப்பரப்பிலிருந்து குண்டின் நுனிவரை, அடைத்து முடித்த தோட்டா முழுவதற்குமான உச்ச அளவு அது. அதற்குத் தோட்டா முழுநீளம் என்று பெயர் வைத்தால் வேலை முடிந்தது.

சொல் வரலாறு சுருக்கமானது. ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற ஐரோப்பிய மொழிகளில் இந்தப் பொருளுக்கு வழங்கும் பெயர்கள் காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து கிளைத்தவை. அளந்த வெடிமருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்த காலத்தின் எச்சம். நம் 'தோட்டா' இந்துஸ்தானி வழியாக வந்தது. 1857 கிளர்ச்சி பற்றிய பாடத்தில் வரும் 'கொழுப்பு தடவிய தோட்டா' நினைவிருக்கும். சிப்பாய்கள் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருந்தது இந்தக் காகிதச் சுருளைத்தான். அன்றும் தோட்டா என்றால் மருந்தும் குண்டும் சேர்ந்த முழுப்பொருள்தான்.

இன்றைய தோட்டாவில் நான்கு உறுப்புகள்: பித்தளைக் கோது, அதன் அடியில் பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. 'கோது' என்பதை ஈழத்தமிழர் வழக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வெடித்தபின் தரையில் கிடப்பதை அவர்கள் வெற்றுக் கோது என்பார்கள். புளியங்கோது போல, உள்ளீடு போனபின் மிஞ்சும் ஓடு. இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது 'காலிக் குண்டு' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குண்டு போய்விட்டது, மிஞ்சியது கோது.

இந்தக் குழப்பத்தின் வேர் செய்தி நடை. 'வீட்டில் பதுக்கிய துப்பாக்கிக் குண்டுகள் பறிமுதல்' என்பார்கள். பறிமுதல் ஆனது தோட்டாக்கள். 'நெஞ்சில் தோட்டா பாய்ந்தது' என்பார்கள், பாய்ந்தது குண்டு. தோட்டா முழுதாகக் குழலைவிட்டு வெளியே போவதில்லை. கோது துப்பாக்கியிலேயே தங்கும், இல்லையென்றால் பக்கவாட்டில் தெறித்து விழும். செய்தியில் இதனால் யாருக்கும் காயம் படாது என்று சிலர் வாதிடலாம். சரி, செய்திக்கு அது பொருந்தட்டும். ஆனால் அதே பழக்கம் தொழில்நுட்பக் குறிப்புக்குள் நுழையும்போது நிலைமை வேறு. ஒரே பத்தியில் 'குண்டின் எடை', 'குண்டின் நீளம்', 'குண்டை ஆழமாக இறக்குதல்' என மூன்று இடங்களில் 'குண்டு' வந்தால், முதலாவதும் மூன்றாவதும் உண்மையான குண்டு, நடுவில் உள்ளது மட்டும் முழுத்தோட்டா என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

'பொதியுறை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அச்சுப்பொறியின் மைக்கு அது பொருந்தலாம். இங்கே ஒத்துவராது. உறை என்றால் மூடி வைக்கும் வெளிப்பாகம். கேட்பவர் மனதில் கோதுதான் தோன்றும். 'பொதியுறை நீளம்' என்று எழுதினால் கோதின் நீளமான 19.15 மி.மீ. என்றுதான் எடுத்துக்கொள்வார். தூய தமிழ்ச்சொல் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஊரெல்லாம் அறிந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, பொருள் மாறிப்போகும் ஒரு சொல்லை வைப்பதைத் தூய்மை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இவற்றைவிட எனக்கு அதிகம் உறுத்துவது 'ஒட்டுமொத்த நீளம்'. பார்க்க அழகாக இருக்கிறது, அகராதியும் ஆமோதிக்கும். ஆனால் ஒட்டுமொத்தம் என்றாலே நமக்குப் பலவற்றைக் கூட்டி வரும் தொகை: ஒட்டுமொத்தச் செலவு, ஒட்டுமொத்த மதிப்பெண். புதிதாக ஒருவர் கோது 19.15, குண்டு 15, ஆக மொத்தம் 34 மி.மீ. என்று கணக்குப் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்தான் அந்தப் பக்கம் தள்ளியது. குண்டின் அடிப்பகுதி கோதுக்குள் புதைந்திருக்கிறது. இரண்டு நீளமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இதைக் கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது, வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்துத்தான் அளக்க வேண்டும். 'முழுநீளம்' என்ற சொல்லில் அந்தத் தவறான வழி இல்லை. முழுநீளப் படம், முழுநீளக் கை என்று தினமும் சொல்வது போல, ஒரு முனையிலிருந்து மறு முனை என்பது கேட்டவுடன் விளங்கும்.

இந்த அளவில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், பிழையின் விலை அப்படி. 9 மி.மீ. கோதின் உள்ளே மொத்த இடமே ஒரு கன சென்டிமீட்டருக்குக் குறைவு. அதில் குண்டின் அடிப்பகுதி வேறு பங்கு எடுத்துக்கொள்கிறது. குண்டு ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் ஏறத்தாழ 64 கன மி.மீ. இடம் போய்விடும், மிச்சமிருந்த இடத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். மருந்து அதே அளவு, இடம் குறைவு, எனவே அழுத்தம் வேகமாக ஏறும். கைத்துப்பாக்கி மருந்துகள் விரைவாக எரிபவை, இந்த மாற்றத்தைத் தாங்காதவை. ஆக, 'நீளம் குறைவாக இருந்தால் பாதுகாப்பு' என்ற எண்ணம் தலைகீழானது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பத் துப்பாக்கியின் அறையில் (குழலின் பின்பகுதியில் தோட்டா அமரும் இடம்) ஏற்றி இறக்கும்போது குண்டு உள்வாங்கிவிட்டாலும் இதே ஆபத்துதான்.

அப்புறம் 'உச்ச நீளம்' என்பதை 'சரியான நீளம்' என்று மாற்றி எழுதும் வழக்கம். 29.69 என்பது அமெரிக்காவின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., ஐரோப்பாவின் சி.ஐ.பி. ஆகிய தோட்டாத் தர அமைப்புகள் வைத்த மேல்வரம்பு. எல்லாக் குண்டையும் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லும் கட்டளை அது இல்லை. உருண்டை மூக்குள்ள குண்டு நுனியை நோக்கி ஒடுங்கிப் போகும். தட்டை மூக்குள்ளதில் முழுப்பருமன் நுனிக்குக் கிட்டத்திலேயே தொடங்கிவிடும். இரண்டையும் ஒரே முழுநீளத்தில் அடைத்தால், தட்டை மூக்குக் குண்டின் தோள் குழலின் வரிமேட்டில் (உட்சுவரில் சுழலாக ஓடும் வரிகளுக்கு இடையே உள்ள மேடு) முட்டக்கூடும். முட்டினால் துப்பாக்கி முழுதாக மூடாமல் போகலாம். மூடினாலும் அழுத்தம் கூடும். அதனால்தான் அடைப்புக் கையேடுகள் குண்டுக்குக் குண்டு வேறு நீளம் தருகின்றன.

தன் துப்பாக்கிக்கு எவ்வளவு நீளம் தாங்கும் என்று பார்க்க, மருந்தும் கேப்பும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றை அடைத்துக்கொள்வார்கள். வெறுமையாக்கிய துப்பாக்கியிலிருந்து குழலைக் கழற்றி, குண்டு வெளியேறும் வாய் கீழே இருக்கும்படி பிடித்து, தோட்டாவை அறைக்குள் விடுவார்கள். 'டொக்' என்று விழ வேண்டும். விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். குழலைக் கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். சிக்கினால், குண்டின்மேல் மார்க்கர் பேனாவால் மை பூசி மறுபடி விட்டுப் பார்த்தால் எங்கே உரசுகிறது என்று மை தேய்ந்த இடம் காட்டிவிடும். பிறகு அதே தோட்டா மேகசினுக்குள் தாராளமாக அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் மேல் எல்லைக்கான சோதனை. கீழே எவ்வளவு வரை இறக்கலாம் என்பதைக் குழல் சொல்லாது. அந்தக் குண்டுக்கும் அந்த மருந்துக்கும் கையேட்டில் சோதித்துத் தந்த நீளத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் மருந்தளவைத் தொடக்க அளவிலிருந்து மறுபடி பார்த்து வர வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை, எண்ணில் காட்டும் தாராளம். 29.69 மி.மீ.க்குச் சமமான 1.169 அங்குலத்தை 'சுமார் 30 மி.மீ.' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்க இலகுவாக இருக்குமாம். உச்ச அளவை முழு எண்ணாக்க மேலே தள்ளினால், வரம்பை மீறும் அளவை வரம்பு என்று அச்சிட்டதாக ஆகிறது. அதே கை 'குறைந்தபட்சம்' என்று இருக்கும் இடத்தில் 'சுமார்' சேர்த்தால் இன்னும் மோசம். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எந்தக் குண்டுக்கு, எந்தத் தோட்டாவுக்கு, உச்சமா, சோதித்த அளவா என்பதையும் கூடவே எழுதுங்கள். ஒரு வரி கூடினால் கூடட்டும்.