இன்வெர்ட்டர் இருக்கிறதே, டிவி எப்படிப் போகும்?

மன்னார்குடிப் பக்கம் ஐப்பசி இடி தொடங்கிவிட்டால் என் மேசையில் டிவி போர்டுகள் குவிந்துவிடும். பிழைப்பு அது, குறை சொல்லவில்லை. போர்டோடு சேர்ந்து வருகிற கேள்விதான் பொறுக்க முடியவில்லை: “இன்வெர்ட்டர் போட்டிருக்கிறேனே தம்பி, அப்புறம் எப்படி எரியும்?” இந்த வாரம் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இதையே கேட்டுவிட்டார்கள்.

எரியும். கரண்ட் இருக்கும்வரை வீட்டு இன்வெர்ட்டர், கம்பத்திலிருந்து வருவதை ஒரு ரிலே (தானே மாறும் ஸ்விட்ச்) வழியாக அப்படியே டிவிக்கு விட்டுவிடுகிறது. பேட்டரியை சார்ஜ் செய்துகொள்வதுதான் அப்போது அதன் வேலை. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினீர்கள் என்பது இதில் சேராது. “பெட்டியில் சைன் வேவ் என்று போட்டிருக்கிறதே” என்பார்கள். அது பேட்டரியில் ஓடும்போது கிடைக்கும் மின்சாரத்தின் தரம். வெளியிலிருந்து வருவதை அது வடிகட்டித் தருவதில்லை.

வோல்டேஜ் எல்லை மீறினால் பேட்டரிக்கு மாறும் வசதி பல இன்வெர்ட்டர்களில் உண்டு. பின்புற ஸ்விட்ச் யூபிஎஸ் பக்கம் இருந்தால் ஏறத்தாழ 180 முதல் 260 வோல்ட் வரைதான் உள்ளே விடும். நார்மல் பக்கம் இருந்தால் 290 வரைகூட விட்டுவிடும். அந்த ஸ்விட்சைத் திரும்பிப் பார்த்தவர்கள் அபூர்வம். சரியாக வைத்திருந்தாலும் ரிலே மாறச் சில மில்லி விநாடிகளாவது பிடிக்கும்; மின்னலின் பாய்ச்சலோ மைக்ரோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது. திருடன் போன பிறகு கதவைச் சாத்துவதுதான் இது.

கணினிக்கு வைக்கும் யூபிஎஸ் சற்று மேல். பெரும்பாலானவற்றில் மிகை வோல்டேஜை உறிஞ்சும் வேரிஸ்டர் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் அது கொஞ்சம் தேயும்.

இடியைவிட நான் அதிகம் அஞ்சுவது நியூட்ரலுக்கு, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பிக்கு. கிளை விழுந்தோ, இணைப்பு துருப்பிடித்தோ கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், கரண்ட் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் சுமை குறைந்ததில் இருக்கும் வீடுகளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400-ஐ நெருங்கி வரும். டிவி போர்டின் பெரிய கெபாசிட்டர் தாங்குவது பெரும்பாலும் 450 வோல்ட் டிசி. 230 வரும்போது, அலையின் உச்சம் என்பதால், அதன்மேல் விழுவது 325. 400 வந்தால் 565. மூடி உப்பி வெடித்து, உள்ளே சுருட்டிய காகிதம் வெளியே தள்ளி, கெட்ட மீன் வாடையோடு வந்து சேரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது தப்பிய டிவிகள் சில, கரண்ட் திரும்பிவந்த அன்று எரிந்தன.

விளக்கு திடீரென்று பளிச்சென்று எரிந்து, ஃபேன் வேகமெடுத்தால் வேடிக்கை பார்க்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மெயின் போர்டில், மின்னல் பாய்ச்சலை மண்ணுக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டரும், வோல்டேஜ் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயும் போடச் சொல்லுங்கள். இரண்டும் வேண்டும், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

எர்த் சரியில்லையென்றால் அரெஸ்டர் வீண். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் எர்த் குழாயைத் துரு தின்றுவிடும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்ட குண்டு பல்பு எரிகிறது என்று எலெக்ட்ரீஷியன் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டுகிற புண்ணியவான்களை என்ன சொல்வது!

வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் இடிக்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடப் போகாதீர்கள். டிவி போனால் போகட்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதைப் போனில் ஒருமுறை சொல்லிவையுங்கள். கேபிள் ஒயரையும் டிஷ் ஒயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மின்னல் அவற்றின் வழியாகவும் வரும், அந்தப் பக்கம் இன்வெர்ட்டரே இல்லை. அப்படிப் போன டிவியைக் கொண்டுவரும்போது செட்டாப் பாக்ஸையும் எடுத்து வாருங்கள். எச்டிஎம்ஐ ஒயர் வழியாக இரண்டும் சேர்ந்தே அடிபட்டிருக்கும்.