என்சைம் என்கிற நொதி

என்சைம்: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நொதி, இலங்கைப் பாடநூல்களில் நொதியம். உயிரணுக்கள் உண்டாக்குகிற பெரிய மூலக்கூறு இது. ஒரு வேதிவினையைப் பல மடங்கு விரைவாக்கிவிட்டு, வினை முடிந்ததும் தான் மாறாமல் மீளும், அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும். ஏறக்குறைய எல்லா நொதிகளும் புரதங்கள்தாம். இந்தக் கடைசி வாக்கியம் இன்று பள்ளிப் பாடம். 1920-களில் அதைச் சொன்னவர் பெரிய வேதியியலாளர்களின் மறுப்பைச் சந்திக்க வேண்டியிருந்தது. சொல்லின் வரலாறும் அந்தச் சண்டையின் வரலாறும் பின்னிக்கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சொல் பிறந்தது ஜெர்மனியில். ஹைடல்பர்க் பல்கலைக்கழக உடலியங்கியல் பேராசிரியர் வில்ஹெல்ம் கியூனெ 1876-ல் இதை முன்வைத்தார். கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே, 'சூமே' என்றால் புளிக்கவைக்கும் ஈஸ்ட். ஆக, ஈஸ்டுக்குள் இருப்பது. அதற்கு முன்பு எல்லாவற்றுக்கும் 'ஃபெர்மென்ட்' என்ற ஒரே பெயர்தான். உயிருள்ள ஈஸ்டும் ஃபெர்மென்ட், முளைகட்டிய பார்லியிலிருந்து 1833-ல் பாயெனும் பெர்சோவும் பிரித்த டயஸ்டேஸும் ஃபெர்மென்ட், இரைப்பையிலிருந்து 1836-ல் ஷ்வான் எடுத்த பெப்சினும் ஃபெர்மென்ட். உயிரணு இல்லாமலே நீரில் கரைந்து வேலைசெய்யும் பொருளுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்றுதான் கியூனெ என்சைம் என்றார். வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கணையச் சாறு. டிரிப்சின் என்ற பெயரும் அவர் வைத்ததே.

அவர் போட்ட கோடு இருபது ஆண்டு நிலைத்தது. 1897-ல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடும் கீசல்கர் என்ற மண்ணோடும் சேர்த்து அரைத்து, அழுத்தி எந்திரத்தில் பிழிந்து, உயிரணு இல்லாத அந்தச் சாற்றில் சர்க்கரையைப் போட்டார். குமிழி கிளம்பியது. உயிருள்ள ஈஸ்டு செய்கிற சாராய வேலையையும் கரைந்த பொருள்தான் செய்கிறது என்றானபின், ஃபெர்மென்ட் வேறு என்சைம் வேறு என்ற பிரிவினைக்கு இடமில்லை. பூக்னருக்கு 1907-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெயர்களின் கடைசியில் வரும் 'ஏஸ்' டயஸ்டேஸிலிருந்து கழற்றி எடுத்த வால். அதை எல்லா என்சைமுக்கும் மாட்டலாம் என்றவர் பிரெஞ்சுக்காரர் டுக்லோ. பெப்சின், டிரிப்சின் போன்றவை அந்த வழக்கத்துக்கு முன்பே பெயர் பெற்றுவிட்டதால் தப்பித்தன.

பெயர் இருந்தது, பொருள் எது என்று தெரியவில்லை. 'ஈஸ்டுக்குள் இருப்பது' என்பது இருப்பிடத்தைச் சொல்கிறதே தவிர, அது எதனால் ஆனது என்பதைச் சொல்வதில்லை. பச்சையத்தை ஆராய்ந்து 1915-ல் நோபல் பெற்ற ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர், என்சைம் புரதம் அல்ல, புரதம் வெறும் சுமைதாங்கி என்று வாதிட்டார். அவர் பெராக்சிடேஸ் என்ற என்சைமைத் தூய்மைப்படுத்திக்கொண்டே போனபோது, கரைசல் வினைபுரிந்தது, புரதச் சோதனை மட்டும் ஒன்றும் காட்டவில்லை. சோதனை சரிதான், முடிவுதான் தவறு. என்சைம் மிகக் குறைந்த அளவிலேயே வேலைசெய்யும். அன்றைய நிறச்சோதனைகளுக்கோ கண்ணில் படக் கணிசமான புரதம் வேண்டும். சோதனையின் கண்டறியும் எல்லைக்குக் கீழே இருப்பதை இல்லை என்று எழுதுவது இன்றும் ஆய்வகங்களில் நடக்கிற தவறுதான்.

எதிர்த்திசையில் நடந்தவர் ஜேம்ஸ் பேட்ச்செலர் சம்னர். 1887-ல் மாசசூசெட்ஸின் காண்டன் ஊரில் பிறந்தவர். பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடக்கை முழங்கைக்குக் கீழே போனது. அவர் இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் எல்லாவற்றையும் வலக்கையால் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஹார்வர்டில் அவரது ஆசிரியர் ஓட்டோ ஃபோலின், ஒரு கையோடு வேதியியலில் தேற முடியாது, சட்டம் படிக்கப் போ என்றாராம். அவரிடமே 1914-ல் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, சம்னர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கற்பிக்கும் சுமை அதிகம், கருவிகள் குறைவு. 1917-ல் ஓர் என்சைமைத் தூயதாகப் பிரித்தே தீருவது என்று இறங்கினார்.

அவர் தேர்ந்தது யூரியேஸ். அந்தத் தேர்விலேயே பாதி வெற்றி என்பேன். அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அம்மோனியாவை அளப்பது எளிது, ஆகவே எந்தப் படியில் என்சைம் எவ்வளவு மிஞ்சியது என்று அன்றன்றே கணக்குப் பார்க்கலாம். மூலப்பொருளும் கைவசம் இருந்தது: ஜாக் பீன் என்ற கொட்டை. கனவாலியா என்சிஃபார்மிஸ் என்பது அதன் தாவரப் பெயர். நம் தோட்டத்துத் தம்பட்டங்காய்க்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த விதையில் யூரியேஸ் ஏராளம்.

ஒன்பது ஆண்டு ஓடியது. முதலில் 30 சதவீத ஆல்கஹாலில் சாறெடுத்துக் குளிரவைத்துப் பார்த்தார். ஆய்வகத்தில் குளிர்பெட்டி இல்லை. சாறு நிரப்பிய உருளைகளைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரவு குளிராக இருக்க வேண்டிக்கொள்வோம் என்று பின்னாளில் நோபல் உரையில் சொன்னார். 1926-ல் ஆல்கஹாலை விட்டு அசிட்டோனுக்கு மாறினார். வழி இவ்வளவுதான்: கொழுப்பு நீக்கிய ஜாக் பீன் மாவு 100 கிராம், 31.6 சதவீத அசிட்டோன் 500 மி.லி. சில நிமிடம் கலக்கி, வடிதாளில் ஊற்றிக் குளிரில் இரவு முழுதும் சொட்டவிட வேண்டும். காலையில் வடிந்ததில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், சில மைக்ரான் அளவே உள்ள நிறமற்ற எண்முகப் படிகங்கள் தெரியும். குளிரிலேயே மைய விலக்கியில் சுழற்றிப் படிகங்களைப் பிரித்தார். நீரில் கரைத்தார். புரதச் சோதனை நேர்மறை, யூரியேஸ் வினைத்திறனோ மிக அதிகம்.

ஏன் பலித்தது? அந்த அளவு அசிட்டோனில், அறை வெப்பநிலையில், யூரியேஸ் கரைகிறது, மாவிலுள்ள மற்ற புரதங்கள் பெரும்பாலும் கரைவதில்லை. குளிர்ந்ததும் யூரியேஸின் கரைதிறன் குறைந்து படிகமாகிறது. எங்கே கெடும் என்பதும் இதிலேயே இருக்கிறது. 31.6 சதவீதம் என்றால் 316 மி.லி. அசிட்டோனை எடுத்து, நீர்விட்டு மொத்தம் ஒரு லிட்டராக்குவது. 316-ஓடு 684 மி.லி. நீரை அளந்து ஊற்றினால், கலவை சுருங்கி லிட்டர் குறியைத் தொடாது, செறிவு கூடிவிடும். கலக்கும்போது சூடும் கிளம்பும். ஆறவைத்த பிறகே குறிவரை நிரப்ப வேண்டும். சூடான அசிட்டோனை மாவில் ஊற்றினால் புரதம் இயல்பிழந்து வெள்ளைக் கட்டியாகும், பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் படிகம் வராது. யூரியேஸ் குறைவான விதையிலும் படிகம் வராது. வெள்ளி, பாதரசம் போன்ற உலோகங்களின் சுவடு பட்டாலே யூரியேஸின் கந்தகத் தொகுதிகள் அடைபட்டு வினைத்திறன் விழும். அதனால்தான் இன்று இதைப் பிரிப்பவர்கள் அமில-கார நிலையை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில், உலோகங்களைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ.வும் கந்தகத் தொகுதிகளைக் காக்கும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அளக்கும்போது வேறொரு வம்பு. வினை நடக்க நடக்க அம்மோனியா சேர்ந்து, அமில-கார அளவான பி.எச். ஏறும். தாங்கல் கரைசல் வலுவாக இல்லாவிட்டால், வேகம் குறைந்தது யூரியா தீர்ந்ததாலா பி.எச். மாறியதாலா என்று தெரியாது. சம்னர் வகுத்த அலகு: 20 டிகிரி செல்சியஸில், பி.எச். 7-ல், 5 நிமிடத்தில் 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் உண்டாக்கும் என்சைம் அளவு. இன்றைய வழக்கமான அலகு நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல். அம்மோனியாவை வைத்துக் கணக்கிட்டால் ஒரு சம்னர் அலகு ஏறத்தாழ 14.3. ஒரு யூரியாவிலிருந்து இரண்டு அம்மோனியா வருவதால், யூரியாவை வைத்துக் கணக்கிட்டால் அதில் பாதி. பழைய கட்டுரைகளையும் இன்றைய புட்டிச் சீட்டையும் ஒப்பிடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே.

படிகம் கிடைத்ததும் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. படிகத்தில் ஒட்டிக்கொண்ட வேறேதோ பொருள்தான் என்சைம் என்றனர் வில்ஷ்டேட்டர் தரப்பினர். 1930-ல் ஜான் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கி, அதுவும் புரதமே என்று காட்டியபின்தான் எதிர்ப்பு தணிந்தது. 1946 வேதியியல் நோபலில் பாதி சம்னருக்கு, மறுபாதி நார்த்ராப்புக்கும், வைரசைப் படிகமாக்கிய வென்டல் ஸ்டான்லிக்கும். யூரியேஸில் நிக்கல் இருப்பது 1975-ல்தான் தெரிந்தது. அந்தப் படிகத்தின் அணு அமைப்போ 2010 வரை காத்திருந்தது. அதை 2.05 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் தீர்த்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துப் படிகவியல் ஆய்வாளர்கள் அனந்தி பாலசுப்ரமணியனும் கார்த்தே பொன்னுராஜும். ஒவ்வொரு சங்கிலியிலும் 840 அமினோ அமிலங்கள், ஆறு சங்கிலிகள் சேர்ந்தது ஒரு மூலக்கூறு.

இனித் தமிழ்ச் சொல். நொதித்தல் என்றால் புளித்து நுரைத்துப் பொங்குவது. நொதி அதே வேரிலிருந்து வருகிறது. கியூனெயின் சொல்லும் புளிப்பிலிருந்தே பிறந்ததால் இதைவிடப் பொருத்தமான ஆக்கம் கிடைப்பது கடினம். நொதியம் என்பதில் 'அம்' கூடுதல். அதில் பிழை ஏதுமில்லை, ஆனால் நொதி வினை, நொதித் தடுப்பான், நொதியியல் என்று கூட்டுச்சொல் கட்டுகையில் குறுகிய வடிவமே கைக்கு வாகு. ஒன்றை மட்டும் காத்துக்கொள்ள வேண்டும்: நொதித்தல் என்ற வினைச்சொல்லை ஃபெர்மென்டேஷனுக்கே விட்டுவிட வேண்டும். 'யூரியேஸ் யூரியாவை நொதிக்கச் செய்கிறது' என்று எழுதினால் பொருள் கெடும். யூரியேஸ் அதை நீராற்பகுக்கிறது, அதாவது நீரைச் சேர்த்து உடைக்கிறது. அதேபோல உமிழ்நீர், கணையநீர் ஆகியவை சுரப்புகள். அவற்றுக்குள் இருக்கும் அமைலேஸும் டிரிப்சினும்தான் நொதிகள். நாளிதழ்களில் இரண்டும் அடிக்கடி குழம்பும்.

கூடவே வரும் சொற்களில் இரு கரைகளும் பிரிகின்றன. புரதம் இரண்டிலும் புரதமே. நொதி பிடித்து மாற்றும் பொருள் தமிழ்நாட்டில் தளப்பொருள், இலங்கையில் கீழ்ப்படை. ஈஸ்ட் இங்கே ஈஸ்ட்தான், அங்கே மதுவம். வேதியியல் இங்கே, இரசாயனவியல் அங்கே. மொழிபெயர்ப்பவர் ஏதேனும் ஒரு தொகுதியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போவது நல்லது. தளப்பொருளும் கீழ்ப்படையும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் இரண்டு பொருள் என்றே எண்ணுவார்.

நொதியைப் 'புரத ஊக்கி' என்று பெயர்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். 1980-களின் தொடக்கத்தில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் ஆர்.என்.ஏ.வும் வினையூக்கியாக முடியும் என்று காட்டி 1989-ல் நோபல் பெற்றனர். அவற்றுக்கு ரைபோசைம் என்று பெயர். ஆர்.என்.ஏ. நொதி என்று தமிழில் சொல்லலாம், புரத ஊக்கி என்றால் அவை வெளியே நிற்கும்.

தனி நொதிகளின் பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே வைப்பது மேல்: யூரியேஸ், இலங்கையில் யூரியேசு. 'யூரியாச் சிதைப்பி' அழகாக இருந்தாலும் குறிப்பாக இல்லை. ரொட்டி ஈஸ்டில் யூரியேஸ் கிடையாது. அது உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவிட்டு, பயோட்டின் என்ற வைட்டமின் உதவியோடு, யூரியா அமிடோலையேஸ் என்ற வேறொரு நொதியால் யூரியாவை உடைக்கிறது. சிதைப்பி என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்திவிடும். ஐயமற்ற அடையாளம் வேண்டுமானால் பன்னாட்டு நொதி ஆணைய எண்ணைப் பக்கத்தில் போடலாம். யூரியேஸுக்கு அது 3.5.1.5. முதல் 3 நீராற்பகுக்கும் வகுப்பு, அடுத்த 5 பெப்டைடு அல்லாத கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு, அடுத்த 1 நேர்ச்சங்கிலி அமைடுகள், கடைசி 5 அந்தப் பிரிவுக்குள் வரிசை எண்.