நேராக ஓடாத ரோபோ

பள்ளி மாணவர்களுக்கான ரோபோக்களை வடிவமைக்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த பெரிய பிழை, என் ரோபோவைத் துளியும் விலகாமல் நேராக ஓட வைத்ததுதான். இத்தகைய ரோபோ வண்டிகளில் பொருத்தப்படும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார்கள் (பேட்டரியில் இயங்கும் சிறு மோட்டார்கள்) இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுத்தாலும், பல்சக்கர உராய்விலும் கம்பிச்சுருளிலும் உள்ள சிறு வேறுபாடுகளால் அவை ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அந்த இழுப்பைச் சரிக்கட்டும் வரிகளை நிரலுக்குள் நானே எழுதி மறைத்திருந்தேன். செயல்விளக்கத்தில் கைதட்டல் கிடைத்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை.

பின்னர் அந்த வரிகளை நீக்கிவிட்டுக் கொடுத்தபோது, எட்டாம் வகுப்பு மாணவிகள் சிலர் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, இரண்டு மீட்டர் ஓடியதும் வண்டி எத்தனை சென்டிமீட்டர் விலகுகிறது என்று அளந்தார்கள். அதன் பிறகு சக்கரங்களை அப்படியே விட்டு, மோட்டார்களை மட்டும் இடம்மாற்றிப் பொருத்தினார்கள். விலகலும் பக்கம் மாறினால் குறை மோட்டாரில். மாறாவிட்டால் சக்கரத்தையும் தரையையும் நிரலையும் சந்தேகிக்க வேண்டும். மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை முறையை அன்று அவர்களுக்கு நான் சொல்லித்தரவில்லை. கோணி ஓடிய வண்டிதான் சொல்லித்தந்தது.

பிழையிலிருந்து கற்பது புதிய கருத்தன்று. 1967இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபியூர்சிக், சிந்தியா சாலமன் ஆகிய ஆய்வாளர்கள் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி நிரல்மொழி, பின்னர் பேனா பொருத்திய ஆமை ரோபோ ஒன்றைத் தரையில் நகர்த்தியது. சமபக்க முக்கோணம் வரைய நினைக்கும் குழந்தை, உட்கோணம் 60 பாகை என்பதால் ஆமையை 60 பாகை திருப்பினால் கிடைப்பது அறுகோணம். திரும்ப வேண்டியது புறக்கோணமான 120 பாகை என்பதை, ஆமையின் இடத்தில் தானே நடந்து பார்த்துக் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தூரம் அளக்கும் மீயொலி உணரியையும் இவ்வாறே திறந்து வைக்கலாம். பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்தொகுப்பு (நிரல்நூலகம்) தூரத்தை நேரடியாகச் சென்டிமீட்டரில் சொல்லிவிடுகிறது. எதிரொலி திரும்பி வர ஆன நேரத்தை மட்டும் கொடுத்தால், நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தால் மாணவரே பெருக்க வேண்டியிருக்கும். 60 சென்டிமீட்டரில் உள்ள சுவர் 120 என்று வரும்போது, ஒலி போய்வந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது புரியும். (துணித்திரையின் முன் நிறுத்தினால் அளவு தாறுமாறாகும், அதற்கே ஒரு பாடவேளை போதாது.)

ஆயினும் எல்லாவற்றையும் திறந்து வைப்பது அறிவீனம். 18650 வகை லித்தியம் மின்கலத்தின் இரு முனைகளையும் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சாவி இணைத்துவிட்டாலே அது கடுமையாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆகவே கீழ்வகுப்புகளுக்கு நான் சாதாரண ஏஏ மின்கலங்களையே வைக்கிறேன்; லித்தியம் தேவைப்படும் இடத்தில் பாதுகாப்புச் சுற்றுடன் திருகிட்டு மூடிய பெட்டிக்குள் வைக்கிறேன். ஆபத்தை மூட வேண்டும், பிழையைத் திறந்து வைக்க வேண்டும். சந்தைக்கு வரும் கருவிப் பெட்டிகள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது: நிரல் பூட்டப்பட்டிருக்கிறது, மின்கலம் உறையின்றி உருள்கிறது.

பள்ளிக்காக வாங்க வரும் தலைமையாசிரியர்களிடம் நான் சொல்வது ஒன்றே. விற்பவர் ஓட்டிக் காட்டியதும் ஒரு சக்கரத்தில் ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டு மறுபடியும் ஓட்டச் சொல்லுங்கள். வண்டி கோணினால், அதைச் சரிசெய்யும் எண்ணை மாணவர் எங்கே மாற்ற வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள்.